பழைய கிராஸ்-டிரா துப்பாக்கி உறைகள்: வகையையும் அளவையும் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய தோல் உறை ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் முதலில் அதைத் திருப்பிப்போட்டு முதுகில் உள்ள முத்திரையைத் தேடுகிறார்கள். முத்திரை பாதி தேய்ந்திருக்கும். மிஞ்சிய இரண்டு இலக்கங்களை வைத்து ஒரு மாடலை ஊகிப்பார்கள். அப்புறம் உறையில் தெரிவதெல்லாம் அந்த ஊகத்துக்குச் சாட்சியாகவே தெரியும். தப்பான விலைக்கு வாங்குவதும், வீட்டில் உள்ள ரிவால்வர் உள்ளே போகாமல் நிற்பதும் இப்படித்தான் நடக்கின்றன.

இங்கே வரிசை வேறு. கை, சாய்வு, உள்ளே இருந்த துப்பாக்கி, அளவு, பெல்ட் எல்லாம் பார்த்த பிறகுதான் முத்திரை. நான் பேசுவது அமெரிக்கத் தயாரிப்புகளைப் பற்றி, ஏறக்குறைய 1880களிலிருந்து 1980கள் வரை.

கிராஸ்-டிரா என்பது துப்பாக்கியை எடுக்கும் கைக்கு எதிர்ப்பக்க இடுப்பில், கைப்பிடி முன்னோக்கி இருக்கும்படி அணிவது. வலது கைக்காரர் இடது இடுப்பில் அணிவார். கை வயிற்றுக்குக் குறுக்கே போய் எடுக்கும். காரிலோ குதிரையிலோ உட்கார்ந்தபடி எடுக்க இது வசதி.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

துணி டேப், அங்குலமும் மில்லிமீட்டரும் உள்ள உலோக ஸ்கேல், வெர்னியர் காலிப்பர், சின்ன டார்ச், ஒரு அடி நீள மரக்குச்சி, நீளமாக வெட்டிய காகிதப் பட்டைகள், ஒட்டுநாடா, பென்சில். இவ்வளவு போதும்.

இந்தப் பட்டியலில் துப்பாக்கி இல்லை. அடையாளம் காணும் வேலைக்கு அது தேவையே இல்லை. காய்ந்து இறுகிய உறையில் அளவு தெரியாத துப்பாக்கியைத் திணித்தால் தையல் பிளக்கும், நூறு வருடத் தடம் ஒரே நிமிடத்தில் அழியும். கடைசிப் படியில் துப்பாக்கி வரும்போது, குண்டுகள் வேறு அறையில் இருக்கட்டும். சிலிண்டரை, அதாவது குண்டுகள் உட்காரும் சுழல் உருளையை, திறந்து கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு எடுங்கள்.

எண்ணெய், பாலிஷ், மெழுகு எதையும் இப்போதே தடவாதீர்கள். எண்ணெய் பட்டால் தோல் இருண்டு, அச்சுத் தடங்களும் மங்கிய முத்திரையும் மறைந்துபோகும். பித்தளை ரிவெட்டைச் சுற்றிப் பச்சையாகப் படிந்திருக்கும் களிம்பை மட்டும் காய்ந்த மரக்குச்சியால் சுரண்டிவிடலாம்.

2. தையல் எந்தப் பக்கம்?

உறையின் முகப்பு, அதாவது அணியும்போது வெளியே தெரியும் பக்கம், உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். வாய் மேலே, முனை கீழே. பெரும்பாலான பழைய உறைகள் ஒரே தோலை மடித்துத் தைத்தவை. மடிப்பு துப்பாக்கியின் மேல்பக்கம், குறிபார்க்கும் முள் இருக்கும் பக்கம் வரும். முக்கியத் தையல் ட்ரிகர் கார்டு (விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையம்) இருக்கும் பக்கம் வரும். கைப்பிடியும் அந்தப் பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கும்.

தையல் உங்கள் இடப்பக்கம் இருந்தால் வலது கைக்கான உறை. வலப்பக்கம் இருந்தால் இடது கைக்கானது, அல்லது நான்காம் பகுதியில் வரும் ராணுவ வகை.

இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். வலது கைக்காரரின் கிராஸ்-டிரா உறையை இடது இடுப்பில் அணிவதால், அதை ‘இடது உறை’ என்று எழுதி விற்கிறார்கள். வாங்குபவரும் அதையே நம்புகிறார். உண்மையில் வலது கைக்காரரின் வலது இடுப்பு உறையும் இடது இடுப்பு கிராஸ்-டிரா உறையும் அடிப்படையில் ஒரே பை. இரண்டிலும் துப்பாக்கியின் வலப்பக்கம்தான் வெளியே தெரியும். கட்டைவிரலால் அழுத்தித் திறக்கும் பட்டை இருந்தால் அதுவும் இரண்டிலும் உடலை ஒட்டிய பக்கமே வரும். ஒரே பையை வைத்து, பின்னால் பெல்ட் லூப்பை மட்டும் வேறு கோணத்தில் தைத்து இரண்டு மாடலாக விற்பது தயாரிப்பாளருக்குச் சுலபம். ஆகவே தையல் சொல்வது கையை மட்டும்தான், இடுப்பை அல்ல.

இரண்டு தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இருபுறமும் தைத்த பான்கேக் வகைக்கு இந்தச் சோதனை செல்லாது. அதில் ட்ரிகர் கார்டின் புடைப்பு எந்தப் பக்கம் என்று விரலால் தடவிப் பாருங்கள்.

3. சாய்வு: இதுதான் தீர்ப்பு

கிராஸ்-டிராவா இல்லையா என்பதை முடிவு செய்வது சாய்வுதான். கண்ணளவில் பார்த்தால் ஏமாற்றும், ஏனென்றால் தளர்ந்த தோல் மேசையில் எப்படி வேண்டுமானாலும் சாயும். உலோக ஸ்கேலை பெல்ட் லூப்புக்குள் நுழைத்து, ஸ்கேலைக் கிடைமட்டமாகப் பிடித்து உறையைத் தொங்கவிடுங்கள். இப்போது முகப்பைப் பார்த்தபடி, முனை எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள்.

முனை தையல் பக்கமாகச் சாய்ந்தால் அது கை இருக்கும் பக்கமே அணியும் உறை. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. சாய்வு என்று சொல்வது இதைத்தான்: வலது இடுப்பில் முனை பின்னோக்கியும் கைப்பிடி சற்று முன்னோக்கியும் இருக்கும்.

முனை தையலுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தால் கிராஸ்-டிரா. இடது இடுப்பில் மாட்டினால் முனை பின்னோக்கிப் போகும், கைப்பிடி வயிற்றுப் பக்கமாகச் சாய்ந்து, வருகிற கையை எதிர்கொள்ளும்.

இந்த விதி வலது கை, இடது கை இரண்டுக்கும் பொருந்தும். அதனால்தான் இடம் வலம் என்று சொல்லாமல் ‘தையல் பக்கம்’ என்று சொல்கிறேன்.

செங்குத்தாகத் தொங்கினால் இரண்டு பக்கமும் அணியலாம். ஆனால் அதை கிராஸ்-டிரா மாடல் என்று சொல்வது விற்பவரின் ஆசை. அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

எஃப்.பி.ஐ. சாய்வு உறையை இடது இடுப்பில் மாட்டினால் என்ன ஆகும்? முனை முன்னோக்கி வரும், கைப்பிடி கையைவிட்டு விலகிப் பின்னால் போகும். உட்கார்ந்தால் குழல் தொடையில் இடிக்கும். ‘இரண்டு பக்கமும் பொருந்தும்’ என்ற வரியைப் படித்து வாங்கியவர்களிடம் அதிகம் கேட்கும் புகார் இதுதான்.

இரண்டு பக்கமும் அணியவென்றே வடிவமைத்தவையும் உண்டு. மூன்று பெல்ட் துளைகள் கொண்ட பான்கேக் உறைகளில் எந்த இரண்டு துளைகளில் பெல்ட்டைக் கோக்கிறோமோ அதற்கேற்பச் சாய்வு மாறும். பியாங்கி நிறுவனத்தின் 111 சைக்ளோன் மாடலும் இரண்டு விதமாகவும் அணியலாம் என்றே விற்கப்பட்டது. இத்தகைய உறைகளில் எந்தத் துளை தேய்ந்து விரிந்திருக்கிறது என்று பாருங்கள். முதல் உரிமையாளர் எப்படி அணிந்தார் என்பது அதில் தெரியும்.

4. ராணுவ மூடி உறைகளைத் தனியாக ஒதுக்குங்கள்

தையல் வலப்பக்கம், பெரிய மூடி, மூடியில் நீள்வட்டத்துக்குள் ‘யு.எஸ்.’ எழுத்துகள், லூப் செங்குத்து. இப்படி ஒன்று வந்தால் உடனே ‘இடது கை உறை’ என்று எழுதிவிடாதீர்கள். அமெரிக்கக் குதிரைப்படை ரிவால்வர்கள் வலது இடுப்பில், கைப்பிடி முன்னோக்கி இருக்கும்படி அணியப்பட்டன. வாள் இடப்பக்கம் தொங்கும், வலது கை அதற்கு. ரிவால்வரை இடது கையால் குறுக்கே எடுக்கலாம், அல்லது வலது மணிக்கட்டைத் திருப்பி எடுக்கலாம். வடிவத்தைப் பார்த்தால் இது இடது கைக்காரரின் பை போலவே இருக்கும். ஆனால் படைவீரர்கள் எல்லோருக்கும் இதுவேதான் வழங்கப்பட்டது.

இந்த வழக்கம் நீண்ட காலம் நீடித்தது. முதல் உலகப்போர் கால எம்1917 ரிவால்வரின் உறையிலும் கைப்பிடி முன்னோக்கித்தான். .45 தானியங்கி பிஸ்டலுக்கு வந்த எம்1912, எம்1916 உறைகளில்தான் கைப்பிடி பின்னோக்கித் திரும்பியது. ஆகவே எம்1916 உறையை ‘ராணுவ கிராஸ்-டிரா’ என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள்.

அளவு விஷயத்தில் ராணுவ உறைகள் சற்றுத் தாராளமானவை. 1881 மாதிரி உறை, 7½ அங்குலக் குழல் கொண்ட, ஒவ்வொரு முறை சுடும் முன்பும் குண்டை அடிக்கும் சுத்தியலைக் கையால் பின்னிழுக்க வேண்டிய கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷனுக்கும் 7 அங்குலக் குழல் கொண்ட ஸ்மித் அண்ட் வெஸன் ஸ்கோஃபீல்டுக்கும் பொதுவாக வெட்டப்பட்டது. உள்ளே துப்பாக்கி கொஞ்சம் ஆடினால் அது குறையல்ல. 1892-இல் ஏற்கப்பட்ட .38 கோல்ட் ரிவால்வருக்குக் குழல் 6 அங்குலம், உடலும் சிறியது. அதன் உறை வெளித்தோற்றத்தில் பழைய.45 உறையின் தம்பி போல இருக்கும். நீளத்தை அளக்காமல் புகைப்படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முயலாதீர்கள். எம்1917-க்கு 5½ அங்குலம்.

மூடியை வெட்டி எறிந்துவிட்ட ராணுவ உறைகளும் சந்தைக்கு வரும். வாயின் பின்விளிம்பில் கத்தி பட்ட தட்டையான வெட்டும், முன்பக்கம் மூடியைப் பூட்டும் பித்தளைக் குமிழ் தனியாக நிற்பதும் அதன் அடையாளம்.

5. உள்ளே எந்தத் துப்பாக்கி வாழ்ந்தது?

டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து முகப்பில் ஒளி சரியச் செய்யுங்கள். நேர் ஒளியில் தெரியாத மேடு பள்ளங்கள் நிழலில் தெரியும். இவற்றைத் தேடுங்கள்:

சிலிண்டரின் வட்டப் புடைப்பு இருந்தால் ரிவால்வர். இல்லாமல் நீளமான தட்டை விளிம்புகள் ஓடினால் பிஸ்டல்.

குழலை ஒட்டி இன்னொரு மெல்லிய குழாயின் தடம் முகப்புப் பக்கத்தில் தெரிந்தால் சிங்கிள் ஆக்‌ஷன். கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷனிலும் ரூகர் பிளாக்ஹாக்கிலும் வெற்றுத்தோட்டாவைத் தள்ளும் கம்பியின் கூடு குழலின் வலப்பக்கம் கீழே இருக்கும். வலது கை உறையில் அது முகப்பில்தான் பதியும்.

குழலுக்கு அடியில் முனைவரை கனமான இரும்பு ஓடிய தடம் இருந்தால் கோல்ட் பைதான் போன்றதோ ஸ்மித் அண்ட் வெஸனின் எல் ஃபிரேமோ இருந்திருக்கலாம் (ஃபிரேம் என்பது ரிவால்வரின் உடற்கூடு; ஜே, கே, எல், என் என்பவை சிறியதிலிருந்து பெரியதுவரை அதன் அளவுகள்). மெல்லிய குழல் மட்டும் என்றால் ஸ்மித் அண்ட் வெஸனின் பழைய மிலிட்டரி அண்ட் போலீஸ் வகை.

மடிப்பின் உட்பக்கம் விரலை விட்டுத் தடவுங்கள். ஆழமான கோடு இருந்தால் உயரமான முன்முள், பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய பின்முள்ளும் சேர்ந்த மாடல்.

தடம் என்பது உறை எதற்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லாமல், எதைச் சுமந்தது என்பதை மட்டும் சொல்லக்கூடும். இரண்டு தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று குழம்பிக் கிடந்தால், ஆழமானதும் தையலோடு ஒத்துப்போவதுமான தடத்தையே நம்புங்கள்.

6. ஃபிரேம் அளவு: காலிபரை மறந்துவிடுங்கள்

‘.38-க்கானது’ என்பது காலிபரை, அதாவது குண்டின் விட்டத்தை, சொல்வது; உறைக்கு அது அளவே அல்ல. ஸ்மித் அண்ட் வெஸன் .38 ரிவால்வரை ஐந்து குண்டு ஜே ஃபிரேமிலும் செய்தது, ஆறு குண்டு கே ஃபிரேமிலும் செய்தது, 1930-இல் வந்த .38/44 ஹெவி டூட்டி என்ற பெயரில் பெரிய என் ஃபிரேமிலும் செய்தது. .357 மேக்னமும் அப்படியே. 1935-இல் என் ஃபிரேமில் பிறந்தது, 1955-இல் கே ஃபிரேமுக்கு வந்தது. உறை கேட்பது உடலின் பருமனை. குண்டின் பெயரை அல்ல.

ரிவால்வரில் அகலமான இடம் சிலிண்டர். அதன் விட்டம்தான் பிரிக்கும் கோடு. ஏறக்குறைய அளவுகள்: ஜே 33 மி.மீ., கே 37, எல் 39½, என் 43. கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் 42 அளவில் வரும். ரூகரின் பெரிய பிளாக்ஹாக் 44-ஐ ஒட்டி.

இதை உறைக்குள் அளக்க ஒரு எளிய வழி. நான்கு சென்டிமீட்டர் அகலக் காகிதப் பட்டையை மரக்குச்சியின் நுனியில் இறுக்கிச் சுற்றுங்கள். காலிப்பரில் 33 மி.மீ. வந்ததும் ஒட்டி நிறுத்துங்கள். இதேபோல 37, 39½, 43 என்று நான்கு உருளைகள். சிறியதிலிருந்து தொடங்கி, சிலிண்டர் புடைப்பு இருக்கும் இடம்வரை இறக்குங்கள். தோலை விரிக்காமல், அதேநேரம் லொடலொடவென்று ஆடாமல் உட்காரும் உருளைதான் விடை. பெரியதிலிருந்து தொடங்கினால் தோல் விரிந்துவிடும், அடுத்த அளவுகள் எல்லாம் பொய்யாகும். இந்த வரிசை முக்கியம்.

37-க்கும் 39½-க்கும் இடையே தடுமாறுவது சகஜம். பைதானின் சிலிண்டர் எல் ஃபிரேமுக்கு மிக நெருக்கம் என்பதால் இரண்டுக்கும் ஒரே உறையை விற்றவர்கள் உண்டு. இந்த இடத்தில் ஐந்தாம் பகுதியில் பார்த்த, குழலுக்கு அடியில் ஓடும் கனமான இரும்பின் தடத்தைக் கொண்டு தீர்மானியுங்கள். 42-க்கும் 43-க்கும் இடையேயும் உருளை உதவாது. சிங்கிள் ஆக்‌ஷனின் பக்கக் குழாய்த் தடம்தான் சாட்சி.

உள்ளே மெல்லிய தோல் அல்லது ஸ்வேட் உறைப்பூச்சு இருந்தால் அது கொஞ்சம் இடத்தைத் தின்றிருக்கும். பூச்சு எங்காவது உரிந்து மடிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டே அளவெடுங்கள்.

ரூகர் விஷயத்தில் ஒரு கண்ணி. 1955-இல் வந்த முதல் .357 பிளாக்ஹாக் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் அளவிலான உடல் கொண்டது. 1973-இன் நியூ மாடலில் .357-உம் பெரிய உடலுக்கு மாறியது. ‘பிளாக்ஹாக் .357’ என்று மட்டும் குறிக்கப்பட்ட உறை இரண்டில் எதற்கும் இருக்கலாம். உருளையை விட்டுப் பாருங்கள்.

7. குழல் நீளம்: எங்கிருந்து எதுவரை?

உறையின் மொத்த நீளத்தை அளந்து குழல் நீளம் சொல்வது மிகப் பரவலான தவறு. முனையில் மிச்சம் விட்டிருப்பார்கள், மேலே சுத்தியல் காப்பு உயர்ந்திருக்கும்.

ரிவால்வரின் குழல் நீளம் சிலிண்டரின் முன்முகத்திலிருந்து முனைவரை அளக்கப்படுகிறது. எனவே உறையிலும் சிலிண்டர் புடைப்பின் முன்விளிம்பிலிருந்து குழல் முனை பதிந்த வளையம்வரை அளந்தால், வருவது கிட்டத்தட்ட குழல் நீளமே. பிஸ்டலில் குழல் நீளம் தோட்டா உட்காரும் அறையையும் சேர்த்தது. அதனால் அங்கே ஸ்லைடின் முழு நீளத்தை அளந்து ஒப்பிடுங்கள்.

வந்த எண்ணை அந்தத் தயாரிப்பில் உண்மையிலேயே இருந்த நீளங்களோடு ஒட்டிப் பாருங்கள். கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷனில் வழக்கமானவை 4¾, 5½, 7½. பழைய பிளாக்ஹாக்கில் 4⅝, 6½. என் ஃபிரேமில் 3½, 4, 5, 6, 6½, 8⅜. உங்களுக்கு 5¾ வந்தால் அளவெடுப்பில் பிழை, அல்லது உறை வெட்டப்பட்டது.

வெட்டப்பட்டதா என்பதைத் தையலின் கீழ்முனை சொல்லும். அசல் தையல் முனையில் இரண்டு மூன்று குத்துகள் பின்னோக்கி வந்து முடிந்திருக்கும். வெட்டிய உறையில் நூல் விளிம்போடு அறுபட்டு நிற்கும், விளிம்பில் சாயமும் தேய்த்த பளபளப்பும் இருக்காது. 6 அங்குல உறையை 4 அங்குலமாக வெட்டியது பயன்பாட்டுக்குப் பரவாயில்லை. சேகரிப்பவருக்கு மதிப்பு பெரிதும் குறைந்துவிட்டது.

8. பெல்ட் துளை

துளையின் உள்ளகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 1¼, 1½, 1¾ அங்குலம் என்றால் சாதாரண உடைக்கான பெல்ட். 2¼ அங்குலம் போலீஸ் கடமை பெல்ட்டின் அளவு. அகலத் துளையில் ஒல்லி பெல்ட்டைக் கோத்தால் நீங்கள் மூன்றாம் பகுதியில் அளந்த சாய்வு நடக்கும்போது மாறிவிடும்.

9. இப்போது முத்திரை

இதுவரை எழுதியவை கையில் இருக்கட்டும். சாய்ந்த ஒளியில் முதுகையும், லூப்பின் அடியையும், மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். தேய்ந்த எழுத்து மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தீற்றினால் சில சமயம் எழுத்து எழும்.

எண்கள் பெரும்பாலும் மூன்று வகை: தயாரிப்பாளரின் மாடல் எண், துப்பாக்கியின் அளவு, குழல் நீளம். எது எது என்று எண்ணைப் பார்த்தே சொல்ல முடியாது. தனியாக நிற்கும் ‘4’ குழல் நீளமாகவும் இருக்கலாம், தயாரிப்பாளரின் சொந்த அளவுக் குறியாகவும் இருக்கலாம். நீங்கள் ஏற்கெனவே 4 அங்குலம் அளந்திருந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஒரு நிறுவனத்தின் அளவு எண்ணை இன்னொரு நிறுவனத்தின் பட்டியலில் தேடுவது வீண் வேலை.

‘எக்ஸ்’ என்ற எழுத்தைக் கண்டதும் கிராஸ்-டிரா என்று துள்ளுபவர்கள் உண்டு. பியாங்கியின் எக்ஸ்-15 தோளில் தொங்கும் உறை. எழுத்து எதுவானாலும் ஸ்கேல் சோதனை சொன்னதுதான் செல்லும்.

முத்திரையும் அளவும் முரண்பட்டால் என்ன செய்வது? என் தீர்ப்பு: துப்பாக்கி பொருந்துமா என்பதற்கு அளவை நம்புங்கள், எந்த மாடலாக விற்கப்பட்டது என்பதற்கு முத்திரையை நம்புங்கள். தோல் நீண்டிருக்கலாம், சுருங்கியிருக்கலாம், அச்சிட்ட முத்திரை மாறாது.

10. காலம்: ‘இதற்கு முன்பு அல்ல’ என்று மட்டும் சொல்லுங்கள்

ஒரே மாடல் பல பத்தாண்டுகள் விற்கப்பட்டதால், உறையை வைத்து வருடம் சொல்வது பெரும்பாலும் கற்பனை. முன்னெல்லை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் எண்களைப் பயன்படுத்தத் தொடங்கியது 1957-இல். ஆகவே ‘மாடல் 19’ என்று அச்சிட்ட உறை அதற்கு முந்தையதல்ல. பைதான் வந்தது 1955-இல். எல் ஃபிரேம் 1980-ஐ ஒட்டி. பெட்டியில் ஐந்து இலக்க ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் குறியீட்டு எண்) இருந்தால் 1963-க்குப் பிறகு.

ஊர்ப்பெயரும் உதவும். எஸ்.டி. மைரஸ் என்ற உறைத் தயாரிப்பாளரின் முத்திரையில் டெக்சஸின் ஸ்வீட்வாட்டர் இருந்தால் பழையது, எல் பாசோ இருந்தால் பிந்தையது. பியாங்கியில் மன்ரோவியா முந்தையது, டெமெக்யூலா பிந்தையது. டென்வரின் ஹைசர் நிறுவன உறையில் பெயரோடு கீஸ்டன் சேர்ந்திருந்தால் நிறுவனம் கைமாறிய பிந்தைய காலம்.

11. பொருத்திப் பார்த்தல்

குண்டில்லாத துப்பாக்கியை மெல்ல இறக்குங்கள். கடைசி அரை அங்குலத்தில் நின்றால் அழுத்தாதீர்கள். காரணம் பெரும்பாலும் முன்முள்ளோ பெரிய மரக் கைப்பிடியோதான். உள்ளே சரியாக உட்கார்ந்தால் ட்ரிகர் முழுக்க மூடப்பட்டிருக்கிறதா, பட்டை இழுக்காமல் பூட்டுகிறதா என்று பாருங்கள். பட்டை எட்டாவிட்டால் ஃபிரேம் சரியாக இருந்தும் சுத்தியலின் வடிவம் வேறு என்று பொருள்.

ஈரமாக்கி விரிவாக்கும் வித்தையைப் பயன்பாட்டு உறையில் செய்யலாம். பழைய ஹைசரிலோ ராணுவ உறையிலோ செய்யாதீர்கள். பார்த்து முடித்ததும் துப்பாக்கியை வெளியே எடுத்துவிடுங்கள். தோலில் உள்ள பதனிடு உப்பும் ஈரமும் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும்.

12. தொலைவிலிருந்து வாங்கும்போது

விற்பவரிடம் ‘எந்த மாடல்’ என்று கேட்காதீர்கள், படங்கள் கேளுங்கள். முகப்பு, முதுகு, வாயின் உட்புறம், தையலின் கீழ்முனை. அதோடு லூப்புக்குள் ஸ்கேல் நுழைத்துக் கிடைமட்டமாகப் பிடித்த ஒரு படம். சிலிண்டர் புடைப்பிலிருந்து முனைவரை அளந்த எண் ஒன்று. கடைசி இரண்டையும் தர மறுத்தால், அதைச் செங்குத்து உறை என்று வைத்துக்கொண்டு அதற்கான விலையையே சொல்லுங்கள்.